அமீனா பீவி வீட்டுத் துவைக்கல்

கடலூர் முதுநகரில், மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை ஒட்டி அமீனா பீவியின் வீடு. கணவர் நூருல் அமீன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். குழாய் மாற்ற வந்த பிளம்பர் ஒருநாள் கொல்லையில் கிடந்த துவைக்கல்லைப் புரட்டிப் போட்டார். அடியில் ஒரு சிலுவை. அதன் கீழே, ‘ராயப்பன் பெண்சாதி ஞானம்மாள், 1791’.

அமீனா பீவி அந்தப் பெயரை இரண்டு முறை படித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணின் முதுகில்தான் துணியை அடித்துத் துவைத்திருக்கிறாள். உடனே ஓடிப்போய்ப் பங்குச் சாமியார் சூசைராஜிடம் சொன்னாள். அவர் கல்லைத் தூக்க ஆட்களோடு வந்துவிட்டார்.

ஆனால் கல்லறைத் தோட்டம் போன வருஷம் புராதனச் சின்னமாகியிருந்தது. கேட்காமல் தொடக் கூடாதென்று சிதம்பரத்திலிருந்து தொல்லியல் துறை அதிகாரி வைத்திலிங்கம் வந்தார். கல்லைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார்.

“தோட்டத்துக் கல்லு எதையும் இருக்கிற எடத்த வுட்டு நகத்தக் கூடாதும்மா. ரூல்.”

“இது எங்க கொல்லையில இல்ல சார் இருக்கு?”

“அதான் சொல்றேன். இருக்கிற எடம் இதுதான.”

“அப்ப நான் துணி எங்க தொவைக்கிறது?”

வைத்திலிங்கம் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “தொவைங்க. சோப்பு மட்டும் போடாதீங்க.”

மறுவாரம் கல்லைச் சுற்றிச் சங்கிலி கட்டி, நீலப் பலகை நட்டார்கள். ‘வீட்டுக் கொல்லையில் கல்லறை’ என்று செய்தி மஸ்கட் வரை போயிற்று.

“நம்ம ஊட்ல மவுத்தாமே? யாரு?” என்று போனில் அழுதார் நூருல் அமீன்.

“ஞானம்மாள். எரநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க லீவு போட வேணாம்.”

அதற்குள் அவருடைய அறைத் தோழர்கள் இறந்தவருக்காக யாசீன் ஓதி முடித்திருந்தார்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். கொல்லைக்கு வேறு வழியில்லாததால், பங்கு மக்கள் மெழுகுவத்தி ஏந்தி அவளுடைய அடுப்பங்கரை வழியாக வரிசையில் போனார்கள். சாமியார் தெளித்த தீர்த்தம் கொடியில் காய்ந்த பாவாடைகள் மீதும் பட்டது. ஒரு அம்மாள் அமீனா பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு அவுங்க என்னா ஒறவு?” என்று கண்கலங்கக் கேட்டாள்.

அமீனா பீவி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஒரே ஊடுதான்,” என்றாள்.

எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டுக் கொல்லைக்கு வந்தாள். துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில், கல்லின் மேல் வைத்துவிட்டுப் போன வத்திகள் அணைந்திருந்தன. ஒன்றை மறுபடி ஏற்றி, காற்றுக்கு மறைப்பாக வாளியை நகர்த்தி வைத்தாள்.