இரண்டு மணிச் சத்தம்

கைக்குழந்தையின் காதருகே சொடக்குப் போடுகிறவர்களைவிட அருவருப்பான பிறவி இந்தப் பூமியில் கிடையாது என்றும், தன் வீட்டில் இனி எவரும் எந்தக் காலத்திலும் ஒரு குழந்தையைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்றும், தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை அது நடக்காது என்றும் துரை அறிவித்தான். அறிவித்த இடம் அவன் அப்பாவின் தலைமாடு. அப்பாவுக்கு உயிர் போயிருந்தது. ஆகவே கூடத்தில் இருந்தவர்களில் அவர் மட்டும்தான் அவனை மறுத்துப் பேசவில்லை.

சொடக்கியவள் அத்தை, அப்பாவின் தங்கை. உள்ளே வந்ததும் இரண்டு நிமிடம் குறைவில்லாமல் அழுதாள். மூக்கைச் சிந்தினாள். சிந்திய அதே விரல்களால் துரையின் ஆறு மாத இளைய மகன் குட்டிக்கு வலது காதுப் பக்கம் இரண்டு சொடக்கு, இடது காதுப் பக்கம் ஒரு சொடக்கு போட்டுவிட்டு, "திரும்பலையே" என்றாள். குரலில் ஒரு திருப்தி இருந்தது.

துரை என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். நாலு வயதிலேயே பலகை மேல் ஏறி நின்று ஆணை பிறப்பிப்பானாம். இப்போது முப்பத்து நாலு வயது, பலகை இல்லை, மற்றபடி மாற்றம் இல்லை. அவன் ஆணையை அத்தை காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த சொடக்குக்கு விரலைத் தேய்த்தாள். குட்டி வீறிட்டது. "இப்ப மட்டும் நல்லாக் கேக்குது" என்றாள்.

முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சை அழுத்துகிறது என்று தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா, காலை எட்டரைக்கு வெள்ளைத் துணிக்குள் திரும்பி வந்திருந்தார். மூக்கில் பஞ்சு. பஞ்சின் நுனியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அதைத் துடைத்துவிட வேண்டும் என்றும் துரைக்குத் தோன்றியது, பக்கத்தில் போனால் குமட்டவும் செய்தது. நாலு மணிக்கு வண்டி வரும். அதுவரைக்கும் நாற்பது பேர், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு கழிவறை. டீ குடித்த டம்ளர்கள் ஜன்னல் திண்டில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு உதட்டின் தடம். ஒரு டம்ளரில் ஈ மிதந்தது. இன்னொன்றில் ஒரு ஈ மிதக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்கிளார்க் தீக்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார். குத்தியதில் வந்ததைக் கண்ணருகே பிடித்து ஆராய்ந்துவிட்டு, மறுபடி வாய்க்குள்ளேயே அனுப்பிவைத்தார். பிறகு குட்டியைப் பார்த்தார். இந்த ரயிலும் அந்த ஸ்டேஷனில் நிற்குமா என்று கேட்பதுபோல, "இவனும் அவனை மாதிரிதானா?" என்று கேட்டார்.

அவன் என்பது பெரியவன், துரையின் ஐந்து வயது மூத்த மகன். அவனுக்கு ஆட்டிசம் என்பது தெருவுக்கே தெரியும். அது என்ன என்பதுதான் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. காலையிலிருந்து தாத்தாவைச் சுற்றி ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருந்தவன் திடீரென்று தலைமாட்டில் நின்றான்.

"கண்ணாடி" என்றான்.

தாத்தா தூங்குகிறார், தூங்கும்போது கண்ணாடி எதற்கு என்று அத்தை விளக்கினாள். பெரியவன் விளக்கத்தை ஏற்கவில்லை. "கண்ணாடி" என்று பன்னிரண்டு தடவை சொன்னான். துரை எண்ணினான். துரையின் மனைவி அலமாரியிலிருந்து மாமனாரின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து, பஞ்சு நகராமல் அவர் முகத்தில் மாட்டினாள். பெரியவன் ஒருமுறை பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினான். கூடத்தில் இருந்த அத்தனை பேரில், கிடப்பவர் முகத்தில் என்ன குறைகிறது என்று பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாற்பது வருஷம் ஜனங்களை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டி, "கீழ் வரி தெரியுதா?" என்று கேட்டவர். பெரியவனுக்குப் பத்து மாதம் ஆனபோது அவன் முன்னால் ஒரு சின்ன டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தார். நாலைந்து நாள் பார்த்தார். பிறகு ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கண்ணுல ஒரு கோளாறும் இல்லைடா. நல்லாப் பாக்குறான். ஆனா நம்மளப் பாக்கல. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடு" என்றார்.

கடைப் புத்தியைக் கடையோடு வைத்துக்கொள்ளச் சொன்னான் துரை. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அப்பாவோடு பேசவில்லை. இதில் வேடிக்கை, துரையே ஒரு டைல்ஸ் கம்பெனியில் தரப் பரிசோதகன். எட்டு மணி நேரமும் பெல்ட்டில் நகரும் ஓடுகளை விரல் முட்டியால் தட்டி, சத்தம் மந்தமாகக் கேட்டால் எடுத்து ஓரமாகப் போடுவதுதான் உத்தியோகம். குறையைத் தேடுகிறவன் கண்ணுக்குத்தான் குறை தெரியும், தேடாதவன் வீட்டில் அது வராது என்பது அவன் கொள்கை. தேடாமலேயே வந்தது. டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னபோது பெரியவனுக்கு மூன்றரை வயது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, "ஏன் சார் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேனே" என்று அப்பா ஒருநாளும் சொல்லவில்லை. அதைத்தான் துரையால் மன்னிக்க முடியவில்லை.

மத்தியானம் ஆக ஆகக் கூடம் புழுங்கியது. குட்டி மடி மடியாகக் கைமாறி, ஒவ்வொரு மடியிலும் ஒரு பரீட்சை எழுதியது. ஒருத்தி கைதட்டினாள். ஒருத்தி வளையலை ஆட்டினாள். ஒருவர் தன் சாவிக்கொத்தை அதன் வாய்க்குள் போகும் அளவுக்கு நீட்டினார். சிரித்தால், "சும்மா சிரிக்குது, ஆளைப் பாத்துச் சிரிக்கல" என்றார்கள். அழுதால் அதற்கும் ஒரு உதாரணம் யார் வீட்டிலாவது இருந்தது. குட்டிக்கு முகமெல்லாம் சிவந்து, எச்சில் வழிந்து, மூன்று மணி நேரமாகத் தூக்கமில்லை. பிணத்தை ஏறிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. உயிரோடு இருப்பதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்க இத்தனை பேர் வேலையை விட்டு வந்திருக்கிறார்களே என்று துரை தலைகளை எண்ணினான்.

சரியாக இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கிளம்பியது.

டகடகடகடக. கொஞ்சம் நிறுத்தி, ஞீ என்று ஒரு இழுப்பு. மறுபடி டகடகடக. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைப் பையிலிருந்து வந்தது. ஹெட்கிளார்க் எழுந்து, "எவன்டா அது, சாவு வீட்டுப் பக்கத்துல போர் போடுறது?" என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

துரைக்குத் தெரிந்த சத்தம்தான். நாலு மாதமாக அப்பாவின் செல்போன் தினமும் இதே நேரத்துக்கு இப்படிக் கத்தும். லீவு நாட்களில் அவனும் கேட்டிருக்கிறான். வயசானால் சிலருக்குப் பழைய பாட்டு பிடிக்கும், எங்கப்பாவுக்கு ரோட்டை உடைக்கிற சத்தம் பிடிக்கிறது என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறான். இப்போது சிரிப்பு வரவில்லை. மானம் போகிறது என்று பாய்ந்து போய்ப் பையில் கையை விட்டான்.

மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அணைக்காதீங்க."

"பைத்தியமா உனக்கு?"

"அவனைப் பாருங்க."

அத்தையின் மடியில் குட்டியின் அழுகை தேய்ந்துகொண்டிருந்தது. டகடகடக என்று சத்தம் ஏறியபோது கண் செருகியது. ஞீ என்று இழுத்தபோது தலை சாய்ந்தது. காது கிழியும் அந்த இரைச்சலில், நாற்பது பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஆறு மாதக் குழந்தை உதட்டை ஒருமுறை சப்பிவிட்டு அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டது. "சத்தத்துக்கு முழிக்கும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் அத்தை. அவள் வாழ்நாளில் சேர்த்துவைத்த உதாரணங்களில் இது இல்லை.

குட்டியைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு மனைவி சொன்னாள். தடுப்பூசி என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை அவளும் மாமாவும் போனது ஊசிக்கு அல்ல. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருக்கும் கைக்குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். மருந்து கொடுத்துத் தூங்கவைப்பதில்லை, குழந்தை தானாகத் தூங்கும்போதுதான் ஸ்கேன் எடுப்பார்கள். மெஷின் போடுகிற சத்தத்தில் விழித்துவிடக் கூடாது என்று அதே சத்தத்தைப் பதிவு செய்து கொடுத்து, தினமும் தூங்கும் நேரத்தில் கேட்கவைக்கச் சொன்னார்கள். மாமாதான் ஒருநாளும் நேரம் தவறாமல் வைத்தார்.

கண்ணாடிக் கடைக் கவர் ஒன்றிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். மூன்றாம் மாத ஸ்கேன். கறுப்பில் சாம்பல் நிறமாக, குறுக்கே வெட்டிய காலிஃபிளவர்போல ஒன்று. தன் மகனின் தலைக்குள் இருப்பது இதுதான் என்று மனத்தில் ஏறுவதற்கு முன்பே துரையின் கண் பழக்கதோஷத்தில் இடது மூலையில் தொடங்கி வரி வரியாக விரிசல் தேடியது. பாதிப் படம் தாண்டிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பதை உணர்ந்தான். சீ என்று இருந்தது. படத்தைத் திருப்பினான். பின்பக்கம் அப்பாவின் பென்சில் எழுத்து: 'நன்றாகத் தூங்கினான். நாற்பது நிமிடம்.'

"இதுல தெரிஞ்சுடுமா?" என்றான்.

தெரியாது என்றாள். ஒரு படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்களாம். முதல் வருஷத்தில் மூளையின் மேற்பரப்பு எல்லாக் குழந்தைக்கும் மளமளவென்று விரிகிறது. பின்னால் ஆட்டிசம் வந்த சில குழந்தைகளுக்கு அது இன்னும் கொஞ்சம் வேகமாக விரிந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அண்ணனுக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அவ்வளவுதான் அவர்களுக்கே தெரியும். ஆறாம் மாதப் படத்துக்கு நாளைதான் கடைசி நாள்.

"நாளைக்கு நான் போறேன்" என்றாள். "பொணம் எடுத்த மறுநாளே கிளம்பிட்டாளேம்பாங்க. சொல்லட்டும். மாமா இருந்தா தூங்க வச்சிருப்பார். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"அவங்க பாத்து என்ன ஆகப்போகுது? அவங்களாலயே சொல்ல முடியாதுங்கற."

"சொல்லலன்னாலும் பாத்துக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு வயசு வரைக்கும் பாப்பாங்க. ஏதாவது இருந்தா அன்னைக்கே சொல்லுவாங்க." அவள் குட்டியின் மேல் துணியை இழுத்துவிட்டாள். "பெரியவனை மூணரை வருஷம் யாருமே பாக்கல."

"அப்பா பாத்தாருன்னு சொல்ல வர்ற."

"நான் ஒண்ணும் சொல்ல வரல" என்றாள். பெரியவனுக்குச் சாப்பாடு கொடுக்கப் போய்விட்டாள்.

துரை வெளியே வந்தான். முகத்தைக் கழுவினான். கூடத்தில் அத்தை இரண்டு மணிச் சத்தத்தை, வராதவர்களுக்குச் செல்போனில் வாயால் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்கிளார்க்கின் தீக்குச்சி நாற்காலிக்கடியில் ஈரமாகக் கிடந்தது. எல்லாவற்றையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. தண்ணீர்ப் பானைக்கு மேல் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோதும் அதே அருவருப்புத்தான். ஒரு துண்டுப் பஞ்சை நனைத்துக்கொண்டு போய், குனிந்து, அப்பாவின் மூக்கடியில் காய்ந்திருந்ததைத் துடைத்தான். முதல் தடவை போகவில்லை. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இமைகள் சரியாக மூடாமல் ஒரு கோடு வெள்ளை தெரிந்தது. இரண்டாம் தடவை அழுத்தித் துடைத்தான்.

நாலடிக்கக் கால்மணி இருக்கும்போது பின் அறைக்குப் போனான். குட்டி விழித்திருந்தது. அழவில்லை. பாயில் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கி, ஜன்னல் வெயில் சுவரில் விழுந்து அசைவதை ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

துரை கதவைச் சாத்தினான். சாத்திய பிறகு தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் குட்டியின் முதுகுப் பக்கம் போய் மண்டியிட்டான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். கையை அதன் வலது காதருகே கொண்டுபோய்ச் சொடக்கினான். கை இன்னும் ஈரம்தான், சரியாக விழவில்லை. மறுபடி சொடக்கினான். இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது.

குட்டி வெயிலைப் பார்த்தது.

இடது பக்கம் ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டான். வாயை இன்னும் கிட்டே கொண்டுபோய், "குட்டி" என்றான். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான்.

"துரை, வண்டி வந்துருச்சு" என்று கூடத்திலிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"குட்டி" என்றான் மறுபடி, முன்னைவிட மெதுவாக.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. "துரை."

கதவு திறந்தது. வாசற்படியில் நின்றே அத்தை மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். துரை திரும்பவில்லை.