ஒரு குட்டி போதும்

அண்ணன் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது மணி பத்தேகால். மூடி போட்ட நீல வாளி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவை முதுகால் தள்ளித் திறந்து, பின்பக்கமாகவே உள்ளே நுழைந்தான். சந்தையில் ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவன், அந்த வாளியைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மேஜைமேல் இறக்கினான். அந்த நேரத்தில் அவன் கடையில் இருக்கவேண்டும். முப்பது வருஷத்தில் ஏலம் முடியுமுன் அவன் கடையை விட்டு எழுந்தது எனக்குத் தெரிந்து இரண்டே தடவை. ஒன்று அப்பா இறந்த அன்று. இன்னொன்று பல்வலி.

"பாப்பா, கிடைச்சிடுச்சு" என்றான். எனக்கு நாற்பத்திமூன்று வயது. அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆறு பேர். ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்கள்.

"என்ன கிடைச்சுது?"

"நீ கேட்டது. குட்டி."

நான் மீனுக்கு வயது பார்க்கிறவள். மீனின் தலைக்குள், மூளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் பயறு அளவில் ஒரு வெள்ளைக் கல் இருக்கும். காதுக்கல் என்போம். குளிர்காலத்தில் மீன் சரியாகத் தின்னாது, கல்லும் மெதுவாக வளரும், அந்த இடம் ஒரு கறுப்புக் கோடாகப் படியும். வருஷத்துக்கு ஒரு கோடு. கல்லை நடுவில் உடைத்து, ஸ்பிரிட் விளக்கில் லேசாக வாட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் எண்ணிவிடலாம். மீன் வியாபாரி வீட்டில் பிறந்தவளுக்கு இது கொஞ்சம் துரோகமான தொழில்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் முந்தாநாள் மீனை இன்று காலை பிடித்தது என்று சத்தியம் பண்ணி விற்றார்கள். நான் அது பிறந்த வருஷத்தையே சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். அப்பா என்னை விருந்தாளிகளுக்கு "இவ வியாபாரத்துக்கு ஆகாதவ" என்றுதான் அறிமுகப்படுத்துவார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு கேட்கத் தெரியவேண்டும்.

எங்கள் ஏரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கருமுதுகு என்கிற மீன். மூன்று நாலு வருஷமாக ஏலத்துக்கு வருகிற கருமுதுகெல்லாம் பெரிசு பெரிசாக வந்தன. சந்தைக்கே ஏகக் கொண்டாட்டம். வாங்க வருகிறவர்கள் மீனைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். ஏரி செழித்துவிட்டது என்று பத்திரிகையில்கூட வந்தது. எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. ஓர் ஊரில் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடி, மூக்குக்கண்ணாடிக் கடைகள் பெருகினால், அந்த ஊர் செழிக்கிறது என்று கண்ணாடிக் கடைக்காரர் வேண்டுமானால் சொல்லலாம்.

அண்ணனிடம் தலைகளைக் கேட்டேன். மீனைத் துண்டு போட்டு வாங்குகிறவர்கள் தலையை விட்டுவிட்டுப் போவார்கள். "என் தங்கச்சிக்குத் தலையா கொடுங்கப்பா, இருக்கிற மூளை பத்தலையாம்" என்று ஏலக்குரலிலேயே கத்தி, பை பையாகச் சேர்த்துக் கொடுத்தான். இரண்டு வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு தலை. மூத்தது முப்பத்தோரு வயது. இளையது பதினொன்று. பதினொன்றுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. மீன்கள் பெரிசானது வளர்ச்சியால் வந்ததில்லை. சின்னதுகள் வருவது நின்றுபோய், கிழங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

காரணத்தைச் சொன்னவர் கல்லுக்காரர். எங்கள் நிலவியலாளரை அப்படித்தான் கூப்பிடுவோம். தன் பல் விழுந்தபோதுகூட அதைக் கழுவி, உடைந்த தளம் எப்படி இருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர். கருமுதுகு ஏரியின் வடகரையில், கூழாங்கல் பரப்பில்தான் முட்டையிடும். அங்கே நிலத்தடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கற்களுக்கு நடுவே ஊறி மேலே வரும்; அந்த ஊற்றுத்தான் முட்டைக்கு மூச்சு. கல்லுக்காரர் கூழாங்கல்லுக்குள் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, என்னைப் படகிலிருந்து குனிந்து பார்க்கச் சொன்னார். ஊற்று இருந்தால் குழாய்க்குள் தண்ணீர் ஏரி மட்டத்தைவிட உயரமாக நிற்கவேண்டும். நாலு விரல் தாழ்ந்து நின்றது.

"ஏரிக்குக் கீழருந்து தண்ணி வந்த காலம் போச்சும்மா. இப்ப ஏரிதான் கீழ கொடுத்துட்டிருக்கு. அந்தப் பக்கம் ஆழ்குழாய் போட்டு ஊரே உறிஞ்சுதே."

"நிறுத்தினா?"

"இன்னைக்கே நிறுத்தினா, அறுபது வருஷத்துல பழைய மட்டத்துக்கு வரும். கல்லுக்கு அவசரம் கிடையாது."

கருமுதுகுக்கு இருந்தது. தொட்டியில் முட்டை பொரிக்க வைக்கவும் பார்த்தோம். நாலு வருஷம், நாலு தடவை. கிழட்டு மீன்களின் முட்டை; மூன்றாம் நாள் பஞ்சு மாதிரிப் பூஞ்சை பூத்து வெளுத்துவிடும்.

டைரக்டர் நல்ல மனுஷர், அதாவது கையெழுத்துப் போடுமுன் கவலைப்படுகிறவர். "இதெல்லாம் உங்க அண்ணன் கடை மீன்மா. குட்டிய யாரு சந்தைக்குக் கொண்டுவருவா? சின்னக் கண்ணி வலை போட்டுத் தேடுங்க. ஒண்ணே ஒண்ணு கிடைச்சாக்கூட, அறிக்கையில 'இனப்பெருக்கம் நின்றுவிட்டது'ங்கிறத 'குறைந்துவிட்டது'ன்னு மாத்திடறேன்" என்றார். நாற்பத்திரண்டு நாள் தேடினோம். வேறு எல்லா மீனின் குஞ்சும் வந்தது.

இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் எல்லாம் இருந்தது. குறைந்துவிட்டது என்றால் மூன்று வருஷம் கருமுதுகு பிடிப்பதை மட்டும் நிறுத்துவார்கள், எங்கோ இன்னும் ஊறுகிற ஒரு மூலையைத் தேடிக் காப்பாற்றுவார்கள், ஆழ்குழாய்களைப் பற்றிப் பேச ஒரு கூட்டமாவது கூட்டுவார்கள். நின்றுவிட்டது என்றால் ஏரியைக் கைகழுவிவிடுவார்கள். இருக்கிற கிழங்களைப் பிடித்துத் தீர்க்கச் சொல்லிவிட்டு, தொட்டியில் மீன் வளர்க்கிற கம்பெனிக்குத் தண்ணீரைக் கொடுப்பார்கள். கம்பெனி மீனுக்கு ஏலம் தேவையில்லை; லாரி கரைக்கே வந்து அள்ளிக்கொண்டு போகும். படகுக்காரர்கள் நாற்பது பேர், அண்ணன் கடை, அண்ணன், எல்லோரும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தார்கள். அறிக்கை இன்று மூன்று மணிக்குப் போகிறது.

போன வாரம் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது கேட்டான். "எத்தனை குட்டி இருந்தா உங்க ஆளுக ஒத்துக்குவாங்க?" நான் யோசிக்காமல், "ஒண்ணு போதும்" என்றேன். வியாபாரி வீட்டுப் பெண் செய்யக்கூடாத தப்பு. வாங்க வந்தவன் முதலில் விலை சொல்லவே கூடாது. அண்ணன் சோற்றுக் கையோடு அப்படியே என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் கடையில் பார்த்திருக்கிறேன். பேரம் படிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது மூடியைத் திறந்தான். ஒரு சாண் இருக்கும். கருத்த முதுகு, வெள்ளி விலா, வாளியின் சுவரை மூக்கால் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தேகமில்லாமல் கருமுதுகுதான்.

"ஏழு நாள் பாப்பா. சிரிப்பும் நானும்." சிரிப்பு என்பது ஒரு படகுக்காரர், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பேர். "இடுப்பளவு சேறு. இந்த வயசுல இது உங்களுக்குத் தேவையான்னு உங்க அண்ணி கரையில நின்னு திட்டுறா. வலையத் தூக்குறேன், உள்ள இது துள்ளுது. சிரிப்பு என்ன பண்ணாரு தெரியுமா?"

"சிரிச்சாரா?"

"அழுதுட்டாரு."

நான் குனிந்தேன். எங்கள் வீட்டில் மீன் வாங்கும்போது முதலில் கண்ணைப் பார்ப்போம், புதுசா பழசா என்று. நானும் கண்ணைத்தான் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. பெரிசாக இருந்தது. அந்தத் தலைக்கு அது ரொம்பப் பெரிய கண். உடம்பு வளராமல் நின்றாலும் கண் மட்டும் வருஷாவருஷம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். சட்டென்று நிமிர்ந்துகொண்டேன்.

"எங்க பிடிச்சே?"

"வடகரைக்குப் பின்னாடி, பழைய கல்குழியில."

"அந்தக் குழிக்கும் ஏரிக்கும் தண்ணி சேருமா?"

"வெள்ளம் வந்த வருஷம் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் ஏது வெள்ளம்?"

"அது எந்த வருஷம்ணே?"

"சின்னவ பிறந்த வருஷம். ஆஸ்பத்திரி வாசல்ல முழங்கால் தண்ணி நின்னுதே, நீதானே அவளத் தூக்கிட்டு வந்தே?" என்றவன், நான் வாளியையே பார்ப்பதைக் கவனித்தான். அண்ணனின் கடைசிப் பெண் சின்னவளுக்குப் பதினொன்று. அண்ணன் மனக்கணக்கில் என்னைவிட வேகம். முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாளிக்கும் எனக்கும் நடுவில் கொஞ்சம் நகர்ந்து நின்றான்.

"சுவத்துல ஏதோ பட்டியல் தொங்குதே, அது என்ன?"

"நீளத்தை வெச்சு வயசு பார்க்கிற பட்டியல். பழசு."

"ஒரு சாணுக்கு எவ்வளவு போட்டிருக்கு?"

"ரெண்டு வயசு."

"அவ்வளவுதான். அளந்து எழுது. வெட்டாதே."

"அண்ணே."

"யாரு வந்து கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்."

"நீ ஒருத்திதானே? உன்ன நான் சமாளிச்சுக்கிறேன்." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். இது கடைக்குரல் இல்லை, பின்னறையில் பெரிய வியாபாரிகளிடம் பேசுகிற குரல். "சரி, ரெண்டு உனக்கு மனசு ஒப்பலைன்னா விடு. நாலு போடு."

"வயசு பேரம் பேசுற சாமானா?"

"அஞ்சு. பாரு, நான் இறங்கி வரேன்."

"கல்லுல இருக்கிறதுதான் வயசு."

"ஆறு பாப்பா. அதுக்கு மேல எனக்குக் கட்டாது." கடைசி வார்த்தை கெஞ்சலாக வந்தது. இத்தனை வருஷத்தில் பேரத்தின் நடுவில் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. ஆறு என்றாலும் போதும்தான். பதினொன்றுக்குக் கீழே எதுவானாலும் டைரக்டர் வார்த்தையை மாற்றிவிடுவார். மூன்று வருஷம் கருமுதுகைத் தொடமாட்டார்கள். வராத குட்டிகளுக்காகக் காத்திருப்பார்கள். நாலாவது வருஷம் இதே மேஜையில் இதே அறிக்கை. மற்ற மீன்களை வைத்து அந்த மூன்று வருஷம் கடையை ஓட்டிவிடுவான். கேட்டால் அது மட்டும் போதும் என்றுதான் சொல்லியிருப்பான். நான் அளவுப் பலகையை எடுத்து மேஜையில் வைத்ததும் உண்மை. கை அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது.

ஆனால் அது வெறும் குட்டியாகவும் இருக்கலாம். கண்ணைப் பார்த்து நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம்; குழி பிறகு ஏதாவது ஒரு மழையில் ஏரியோடு சேர்ந்திருக்கலாம். எடை போடாமல் ஒரு பொருளைத் திருப்பி அனுப்புவதும் எங்கள் வீட்டில் கிடையாது. அந்த நப்பாசையில்தான் வெட்ட முடிவு செய்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் அதை மாற்றினேன். இரண்டு சுற்று சுற்றியது. பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

"வலிக்குமா அதுக்கு?" என்றான் அண்ணன்.

"மயக்கம்தான்."

லட்சம் மீனை வெட்டியவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பட்டியலைப் படிக்கிற மாதிரி நின்றான்.

கல் சின்னதாக இருந்தது, ஆனால் தடித்திருந்தது. உடைத்தேன். வாட்டினேன். எண்ணெய் விட்டேன். நுண்ணோக்கியில் முதல் கோடு வரை வெள்ளை நன்றாக அகன்று இருந்தது. ஏரியில் பிறந்து, வயிறாரத் தின்று வளர்ந்த ஒரே வருஷம். அதற்குப் பிறகு எல்லாம் நெருக்கம். ஒன்றன்மேல் ஒன்றாக, பட்டினியில் படிந்த கோடுகள். நான் இரண்டு தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணவில்லை.

அண்ணன் கேட்கவில்லை. என் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பான்.

"நகரு" என்றான்.

நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மற்றதை நுண்ணோக்கிக் குழாயில் வைத்தான். அவன் எடைக்கு நாற்காலி முனகியது. எப்படிப் பார்க்கவேண்டும் என்று நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் காட்டினேன். கறுப்பு மட்டும் எண்ணணும், வெள்ளையை விட்டுடணும் என்றேன். தலையாட்டினான். சேறு இன்னும் காயாத இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விரலை மடக்கினான். உதடு அசைந்தது. எட்டு வரை சத்தமில்லை. ஒன்பது கேட்டது. பத்து கேட்டது.

அங்கே நின்றான். கண்ணை எடுத்தான். சட்டையின் நுனியை இழுத்து, கண் வைக்கிற கண்ணாடியை நிதானமாகத் துடைத்தான். ஊதினான். இன்னொரு தடவை துடைத்தான்.

"அழுக்கா இருக்கு" என்றான். பிறகு மடக்கின விரல்களையெல்லாம் விரித்துவிட்டு, மறுபடியும் குனிந்து, கேட்கும்படியாகவே ஆரம்பித்தான்.

"ஒண்ணு."