இறங்காதவர்கள்

அம்மா பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடியை இறுக்கினாள். அது அப்பாவுக்கு. வெளியூர் போகிற நாளில் அம்மா காலையில் அரை டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்வாள். வீடு திரும்பும்வரை வேறெதுவும் குடிக்க மாட்டாள். தூரத்துக் கல்யாணம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரைக் குறைக்கத் தொடங்கிவிடுவாள். திரும்பி வந்ததும் நீர்க்கடுப்பு வரும். அடுப்பில் பார்லி கொதிக்கும். இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் சர்க்கரை ஆலை லேபில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. எப்போது அப்படி ஆனேன் என்று தெரியவில்லை.

அன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் கிளம்பினோம், வண்டி பார்க்க.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவர் அம்மாவைச் சுற்றிப் பார்க்க எங்கேயும் கூட்டிப் போனதில்லை. அதை ஒரு குறையாக மனதில் வைத்திருந்தார் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். யாரோ ஒரு கணவனும் மனைவியும் சின்ன வேனுக்குள்ளேயே படுத்து, சமைத்து, மலை மலையாகப் போகிற வீடியோக்கள். "இது மாதிரி ஒண்ணு கட்டிக்கினு கன்னியாகுமரி வரைக்கும் போய் வரலாம் பொன்னி" என்றார். அம்மா சிரித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துணி மடிக்கும்போது என்னிடம் மட்டும் கேட்டாள்.

"அங்க கடலு மூணு நெறமா இருக்குமாமே வேணி, நெசமா?"

வெளிச்சம், மணல், ஆழம் என்று ஏதோ சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "பாத்தா தெரியும்" என்றாள்.

பட்டறை விருத்தாசலம் என்பவருடையது. டிபன் வண்டிகளுக்கும் ஐஸ்கிரீம் வண்டிகளுக்கும் பாடி கட்டுகிறவர். அப்பாவை நெடுநாளாகத் தெரியும். வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, முட்டை மாதிரி உருண்டையான ஒரு சின்ன டிரெய்லர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. யாரோ கட்டச் சொல்லிவிட்டு வெளிநாடு போய்விட்டார்களாம். மற்றது ஒரு பழைய மினி வேன், பின்பக்கம் காலியாக.

டிரெய்லர் எனக்குப் பிடித்திருந்தது. தகரமும் தெர்மோகோலும்தான், ஓர் ஆள் தள்ளினாலே நகர்ந்தது. அப்பா அதைச் சுற்றி வந்தார்.

"பின்னால ஒண்ண இழுத்துக்கினு போறதா? ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள பேஜாராயிடும். அதுவுமில்லாம இழுக்கறதுக்கு மொதல்ல காரு வேணுமே."

"டிரைவரண்ணே, உங்களுக்கு வேனுதான். கையில ஸ்டீரிங் இல்லன்னா உங்களுக்குத் தூக்கம் வராது" என்றார் விருத்தாசலம்.

வேனுக்குள் அப்பா சாக்பீசோடு ஏறினார். குறுக்கே ஒரு பெரிய கட்டம் போட்டார். அது படுக்கை. பகலில் மடித்தால் உட்காரும் பலகை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மூலையில் இன்னொரு கட்டம் போட்டு, அதற்குள் இரண்டு வட்டம் வரைந்தார். அது அடுப்பு. மேலே அலமாரி, கீழே தண்ணீர் டேங்க். வட்டங்கள் நன்றாக வந்திருந்தன. "பொன்னிக்கு ராணி மாதிரி கிச்சன்" என்றார். "ஓட்டல் சாப்பாடு எவன் துன்றது?"

"ஆமாண்ணே. அண்ணி கன்னியாகுமரிக்குப் போயி, சூரியன் வர்ற நேரத்துக்குத் தேங்காச் சட்னி அரைப்பாங்க" என்றார் விருத்தாசலம். அம்மாவும் சிரித்தாள்.

"அண்ணிக்கு என்னா வேணும்னு கேளுங்க. வண்டி சின்னது. அப்புறமா அத வை, இத வைன்னா வெயிட் தாங்காது."

"எனக்கு என்னா, எது இருந்தாலும் சரிதான்" என்றாள் அம்மா. அவள் வேனுக்குள் ஏறவில்லை. கதவோரம் நின்று மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூலையாக. பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பேச வராது. லேபில்கூட ரிசல்ட்டை எழுதி நீட்டிவிடுவேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அடுப்பு, சிலிண்டர், அலமாரி என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டல் முடிந்துவிட்டது. அப்பா இறங்கி வந்து பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார். அம்மா அதைப் பார்க்காமல் டிரெய்லரைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு பாத்ரூம் வேணும்ப்பா" என்றேன்.

"பாத்ரூமா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "குளிக்கறதுக்கு எடமா இல்ல? போற வழியெல்லாம் பம்ப்செட்டு. கோயிலுக்குப் போனா கொளம். பக்கெட்டும் சொம்பும் இருந்தாப் போதும்மா."

விருத்தாசலமும் தலையாட்டினார். அம்மா கீழே குனிந்துகொண்டாள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் இருக்கிறது. பள்ளியில் கையைத் தூக்கி "மிஸ், பாத்ரூம்" என்று கேட்டபோது யாரும் குளிப்பதற்கு என்று நினைத்ததில்லை. இங்கே அது போதவில்லை. அடுத்த சொல் எனக்குத் தெரியும். ஆண்கள் முன்னால் அதைச் சொன்னதில்லை.

"குளிக்க இல்லப்பா. ஒண்ணுக்குப் போவ."

விருத்தாசலம் திரும்பி, மேசைமேல் இருந்த இஞ்சு டேப்பை எடுத்தார். எதையும் அளக்கவில்லை. இழுத்துவிட்டார், அது தானாகச் சுருண்டுகொண்டது.

"பெட்டி மாதிரி வருது பாப்பா, மூடி போட்டது. ஆனா அதையும் வெச்சு, அடுப்பும் வெச்சா எடம் பத்தாது, வெயிட்டும் ஏறிடும். ரெண்டுல ஒண்ணுதான்" என்றார், வேனிடம் சொல்வதுபோல.

அப்பாவின் முகம் சிவந்திருந்தது. "டேஷ்போர்டுல சாமி படம் வெக்கிற வண்டிய்யா. மொதல்ல திருவக்கரை கோயிலுக்குத்தான் போவப் போறோம். சோறாக்குற எடத்துல கக்கூசா?" அவர் என்னிடம் வந்தார். குரலில் கோபம் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றை விளக்குகிற குரல்.

"எவ்ளோ வருசம் வண்டி ஓட்டியிருக்கேன்மா. ராத்திரி, பகலு. ஓரமா நிப்பாட்டுனா ஆம்பளைங்கதான் எறங்குவாங்க. லேடீஸ் ஒருத்தரும் எறங்கினதில்ல. அவங்களுக்கு அவசரம் வராது. ஒடம்பு அப்படி."

அவர் அதை நம்பினார். நான் விலங்கியலும் படித்திருக்கிறேன். சிறுநீர்ப்பையின் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அம்மாதான் சொன்னாள். "எறங்கி எங்க போறது?"

மெதுவாகத்தான் சொன்னாள், நேரம் கேட்பதுபோல.

"டீ குடிச்சுட்டு வரலாம், வாங்கண்ணே" என்று விருத்தாசலம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். எங்களுக்கும் வேண்டுமா என்றார். அம்மா வேண்டாம் என்றாள்.

அவர்கள் மறைந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வேனுக்குள் ஏறினாள். அடுப்புக் கட்டத்துக்குள் போய் நின்றாள். பக்கவாட்டு ஜன்னலின் கண்ணாடியை இழுத்து மூடிப் பார்த்தாள். திறந்தாள். மறுபடி மூடினாள். இரண்டு கைகளையும் கொஞ்சம் விரித்து, இடது பக்கம், வலது பக்கம் என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு இறங்கி, காலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். தரையில் ஒரு வட்டம் பாதி அழிந்திருந்தது.

டீக்கடையிலிருந்து வந்த அப்பா அதைப் பார்த்தார். திரும்ப வரையவில்லை. "வீட்ல பேசிக்கினு சொல்றேம்பா" என்று விருத்தாசலத்திடம் சொன்னார்.

திரும்பும்போது சென்னையிலிருந்து வந்த பேருந்து கிடைத்தது. நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். அப்பா படிக்கட்டுக்கு அருகில். விக்கிரவாண்டி டோலுக்கு முன்னால் யாரோ போய் நடத்துநரிடம் குனிந்து பேசினார். பேருந்து வேகம் குறைந்து, ஒரு புளிய மரத்தை ஒட்டி நின்றது.

"போறவங்க போய்ட்டு வாங்க, ஜல்தி!" என்று நடத்துநர் குரல் கொடுத்தார்.

ஆண்கள் இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்தைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். பழக்கத்தில் அப்பாவும் எழுந்தார். ஒரு படி இறங்கினார். அங்கேயே நின்றார். கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பேருந்துக்குள் பார்த்தார்.

எங்கள் பக்கம் ஓர் இருக்கையும் காலியாகவில்லை. குழந்தையை மடியில் போட்டிருந்தவள், பூக்கூடை வைத்திருந்த பாட்டி, காதில் ஒயர் மாட்டிய கல்லூரிப் பெண், அம்மா. எல்லோரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது, கழுத்துவரை நிறைந்து.

"பெரியவரே, எறங்குறீங்களா, ஏறுறீங்களா?" என்றார் நடத்துநர்.

அப்பா படியிலேயே நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் பாட்டில்களுக்குள் தண்ணீர் மெல்ல நடுங்கியது.