சின்னவளின் இருமல்

பக்ரீத்துக்கு இரண்டு நாள் முன்னால் பிடித்த மழை விடவேயில்லை. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சளி முதலில் ஷாஹுல் ஹமீதைப் பிடித்தது. மெத்தைக் கடை வைத்திருந்தவர் அவர். பஞ்சுத் தூசியிலேயே பிழைப்பு. தும்மல் அவருக்குப் புதிதல்ல. அவரிடமிருந்து கடைசி மகன் ஆறு வயது உமருக்குப் போயிற்று. உமரைத் தூக்கி வைத்துக்கொண்ட மூத்த மகள் ஷாகிராவையும் அது விடவில்லை. வீட்டில் தப்பித்தவள் இளையவள் அஃப்சருன்னிசா ஒருத்திதான்.

அவர் மனைவி ஹாஜிரா பீக்கு வீட்டில் யாராவது படுத்துவிட்டால் உடம்பில் எங்கிருந்தோ ஒரு பலம் வந்துவிடும். மற்ற நாளில் முட்டி வலிக்கிறது என்று முனகுகிறவள், அந்த ஒரு மாசமும் உட்காரவேயில்லை. நொச்சி இலையைக் கொதிக்க வைத்து, போர்வைக்குள் முகத்தை நுழைக்கச் சொல்லி ஆவி பிடிக்க வைத்தாள். மஞ்சள் கிழங்கைச் சுட்டு மூக்கடியில் புகை காட்டினாள். ரேஷனில் சர்க்கரை சரியாகக் கிடைக்காத காலம். சுக்குத் தண்ணீருக்குப் பனைவெல்லம் போட்டாள். குர்பானி கொடுத்த வீடுகளிலிருந்து வந்த ஆட்டுக்காலை மிளகு இடித்துப் போட்டுச் சூப்பு வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் கூட நின்றவள் அஃப்சர். இலை பறிக்க, அம்மியில் அரைக்க, உமரின் சளித் துணியை அலசிப் போட, அக்காவின் முதுகைத் தடவிவிட எல்லாவற்றுக்கும் அவள்தான். பதினைந்து வயசு.

"நீ மட்டும் எப்டிடி தப்பிச்சே?" என்று ஹாஜிரா பீ கேட்பாள்.

"எனக்கும் வந்துட்டா ஒனக்கு யாரும்மா கீறாங்க?" என்பாள் அஃப்சர்.

ஷாஹுல் ஹமீதுக்கும் உமருக்கும் சரியாகிவிட்டது. ஷாகிராவின் இருமல்தான் போகவில்லை. லஸ்ஸில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் குழலை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, "வெறும் சளிதாம்மா. நெஞ்சு சுத்தமா இருக்கு. பத்து நாள்ல போயிடும்" என்றார்.

அந்தப் பத்து நாள்தான் இல்லை. தேனாம்பேட்டையிலிருந்து வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை ஹபீபுர் ரஹ்மானுக்குத் துறைமுக ஆபீசில் வேலை. அவன் அம்மா ரஹ்மத் பீ கண்டிப்பானவள் என்று பெயர். சொந்தத் தங்கையைச் சயரோகத்துக்குப் பறிகொடுத்தவள் என்றும் சொன்னார்கள். தள்ளிப் போடலாமா என்று ஹாஜிரா பீ கேட்டதற்கு, "இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் தட்டிப் போச்சு. அவளுக்கும் இருபது ஆவப் போவுது. இதையும் தள்ளிப் போட்டா அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார் ஷாஹுல் ஹமீது.

வெள்ளிக்கிழமை ஹாஜிரா பீ ஷாகிராவின் வாயில் அதிமதுரத்தை அடக்கி வைத்து, "பேசாதே, சிரிக்காதே, மூச்சைக்கூட மெதுவா வுடு" என்று சொல்லி அழைத்து வந்தாள். ரஹ்மத் பீயும் கூட வந்த இரண்டு பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஷாகிரா நல்ல சிவப்பு. தலையைக் குனிந்து சலாம் சொல்லிவிட்டு நின்றாள். ரஹ்மத் பீ அவள் மோவாயைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துப் புன்னகை செய்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்து ஷாகிரா திரைக்குப் பின்னால் போனாள். அஃப்சர் போட்ட தேநீரைக் கையில் எடுத்தார்கள்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து இருமல் வெடித்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, நிற்காமல், மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

ரஹ்மத் பீயின் கை அப்படியே நின்றது. "யாரு அது?"

வெறும் சளி, டாக்டர் பார்த்துவிட்டார் என்று ஹாஜிரா பீ சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் அந்த உண்மையை இவள் நம்பமாட்டாள் என்று தோன்றிவிட்டது.

"சின்னவ" என்றாள்.

"எத்தினி நாளா?"

"அவளுக்குச் சின்னதுலேர்ந்தே நெஞ்சு சரியில்லக்கா. மழை வந்தா இப்டித்தான்." ஒரு பொய் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. "பெரியவ அப்டியே வேற. அவ தும்மிக்கூட நான் பாத்ததில்ல."

"கூப்பிடு, பாக்கலாம்."

தண்ணீர்ச் சொம்போடு அஃப்சர் வெளியே வந்தாள். திரைக்குப் பின்னால் அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஹாஜிரா பீயின் கண் கோரைப்பாயில் இறங்கிவிட்டது. அஃப்சர் தாவணி நுனியை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். இருமல் வராதவளுக்கு இருமத் தெரியவில்லை. ஆனால் ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்த இருமல்கள் காதில் இருந்தன. அக்காவுடையதை எடுத்து அப்படியே இருமினாள்.

கூட வந்த பெண் துப்பட்டியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். ரஹ்மத் பீ தேநீரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

அவர்கள் போன பிறகு அஃப்சர் சிரித்துக்கொண்டே, "நல்லா இருமினேனாம்மா?" என்று கேட்டாள். ஹாஜிரா பீ அவளைக் கட்டிப் பிடித்து உச்சி முகர்ந்தாள். "என் ராசாத்தி. அக்கா கல்யாணம் முடியட்டும். எல்லாம் மறந்து போயிடும்" என்றாள். அன்றைக்கு அதை அவள் உண்மையாகவே நம்பினாள்.

மறுநாள் சம்மதம் என்று செய்தி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கல்யாணத்தில் சின்னவள் இருக்கக் கூடாது. பிறகும் ஷாகிரா புகுந்த வீட்டுக்கு அவள் வரக் கூடாது.

தேனாம்பேட்டையில் பேசினது சந்துக்கு வர இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீடுகளின் சின்னப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சாயங்காலத்தில் அஃப்சரிடம் குர்ஆன் ஓத வருவார்கள். ஒருத்தி நின்றாள், அடுத்த நாள் மூன்று பேர் நின்றார்கள், அந்த வாரத்தோடு பாய் காலியாகிவிட்டது. யாராவது வீட்டுக்கு வந்தால் என்ன நினைப்பார்கள் என்று ஹாஜிரா பீ அஃப்சருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு எடுத்து வைத்தாள். முதலில் ஆள் வரும்போது மட்டும்தான். பிறகு எந்த நேரம் யார் வருவார்களோ என்று எப்போதுமே. ஒரு நாள் உமர் அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டான். ஹாஜிரா பீ பறித்துக்கொண்டு அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அஃப்சர் பார்த்தாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

ஷாஹுல் ஹமீதுக்கு விஷயம் தெரிந்தபோது சத்தம் போட்டார். பிறகு, "இனிமே மாத்திப் பேசினா ரெண்டு பொண்ணும் போச்சு. ஒண்ணாவது கரையேறட்டும்" என்றார்.

கல்யாணம் வைக்காத முஹர்ரமும் சஃபரும் கழிந்து மாசியில் நிக்காஹ். சைதாப்பேட்டையில் இருந்த ஹாஜிரா பீயின் அண்ணன், வீட்டில் குழந்தைகள் இருப்பதாகச் சொல்லி அஃப்சரை வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். கடைசியில் மெத்தைக் கடையின் பின்கட்டில், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே மூன்று நாள் அவளை வைத்தார்கள். அக்காவின் கையில் மருதாணி வைக்க வேண்டும் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். ஷாகிராதான், "வேணாம்மா. மாமி வூட்லேர்ந்து யாராவது பாத்துட்டா?" என்றாள். மருதாணியை அஃப்சர் கடையில் உட்கார்ந்து அரைத்துக் கொடுத்தாள். வேறு யாரோ வைத்துவிட்டார்கள்.

ஷாகிராவுக்கு அதற்குப் பிறகு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆறு மாதம் கழித்து முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. ஐப்பசியில் ரஹ்மத் பீ அவளை அழைத்துக்கொண்டு, கை நிறையப் பழத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்று, "சின்னவ எங்க?" என்று கேட்டு, கொல்லையில் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

"ஒரு நல்ல சேதி ஹாஜிரா. என் ஒண்ணுவிட்ட தம்பி ஷரீஃபு, அடையாத்துல கீறான். பொஞ்சாதி மவுத்தாயிட்டா. அவனுக்கும் இதே நோவுதான், ரெண்டு வருசமா. சமைச்சுப் போட ஆளில்ல. ஒன் சின்னவளை யாரு கட்டப் போறாங்க சொல்லு? ரெண்டு பேருக்கும் அதே நோவு. யாரு யாரைச் சொல்றது? ஷாகிராவும் பிரசவத்துக்கு நிம்மதியா இங்க வரலாம்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஹாஜிரா பீயின் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கத்தான் சொன்னாள். உண்மையாகவே உபகாரம் செய்வதாக நினைத்தாள்.

ஹாஜிரா பீ சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். ரஹ்மத் பீக்குப் பின்னால் ஷாகிரா நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது. அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"அவுரு வந்ததும் கேட்டுச் சொல்றேங்க்கா" என்றாள் ஹாஜிரா பீ.

அஃப்சரிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "இதுக்கும் இருமணுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஷரீஃபுக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தார். நிக்காஹ் நடந்த அரை மணி நேரத்தில் நாலு தடவை எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தார். அன்று மாலையே ஜட்கா வண்டியில் அஃப்சர் அடையாறு போனாள்.

தை மாதம் ஷாகிராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இருபதாம் நாள் காலை, ஹாஜிரா பீ குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ரஹ்மத் பீ உள்ளே ஷாகிராவிடம் பேசிக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஷரீஃப். அவருக்குப் பின்னால், கையில் துணி மூட்டையோடு அஃப்சர்.

ஷரீஃப் படியேறவில்லை. துணியை வாயில் பொத்திக்கொண்டு, தூரத்தில் நின்றே பேசினார்.

"மூணு மாசமாப் பாக்கிறேன் மாமி. இந்தப் பொண்ணு ஒரு நாள் இருமல. காய்ச்சல் இல்ல. டாக்டர்கிட்டக் காட்டினேன். ஒண்ணுமே இல்லன்னுட்டாரு. யாரு பண்ண தப்போ எனக்குத் தெரியாது. அது இன்னும் புள்ளையாத்தான் கீது. எனக்கு ரத்தம் வர ஆரம்பிச்சிடுச்சு. அல்லாவுக்காக இதைக் கூட்டிக்குங்க. நான் தலாக் குடுத்துடறேன்."

"யாரு ஹாஜிரா?" என்று உள்ளிருந்து ரஹ்மத் பீயின் குரல் வந்தது. தோளில் குழந்தை சிணுங்கியது.

அஃப்சர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்த குழந்தையின் சிரிப்பு மாதிரி.

ஹாஜிரா பீ குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள். "கட்டிக் குடுத்த பொண்ணு. புருசன் படுத்துக்கினு இருக்கச் சொல்லோ வுட்டுட்டு வரலாமா? கூட இருந்து பாத்துக்க அஃப்சர்" என்று உள்ளே கேட்காதபடி தணிந்து சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அது நடுங்காததுதான் பிற்பாடு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே திரும்பி, "பிச்சைக்காரன்க்கா" என்றாள்.

கதவுக்கு அப்பால் ஷரீஃபின் இருமல் சந்து முனை வரை கேட்டது.

சித்திரையில் ஷரீஃப் இறந்துபோனார். துக்கம் காக்கும் இத்தா நாட்கள் முடியும் வரை அங்கேயே இருக்கட்டும் என்றார் ஷாஹுல் ஹமீது. இத்தா முடிந்தபோது, "குழந்தையைத் தூக்கிக்கினு நான் வர்ற வூடு. அவ அங்க இருந்தா நான் வரமாட்டேன்" என்று ஷாகிரா சொல்லி அனுப்பினாள். உண்மை தெரிந்தவள்தான் அப்படிச் சொன்னாள். ஹாஜிரா பீ அவளிடம் போய்ச் சண்டை போட்டாள், அழுதாள். "ஆறு மாசம் அந்த ஆளோட இருந்தாளேம்மா. இப்ப நெஜமாவே வந்திருக்கும்ல?" என்று ஷாகிரா கேட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கின முதல் வாரம், ஆட்டுக்கால் சூப்பைத் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஹாஜிரா பீ அடையாறு போனாள். ஒற்றை அறை. அஃப்சர் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. அம்மாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். இருமல் வந்து உட்கார வைத்தது. அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாயிலிருந்து எடுத்த துணியை அவள் உள்ளங்கைக்குள் மடித்து ஒளித்துக்கொண்டாள். ஹாஜிரா பீ பார்த்துவிட்டாள்.

"என்னைப் பெத்தவளே" என்று கிட்டே போய் அவள் தலையைத் தொடப் போனாள்.

"தள்ளி உக்காரும்மா" என்றாள் அஃப்சர். குரலில் கோபம் இல்லை. "நெஜமா வந்துடுச்சு. அக்கா கொழந்தையை நீதானே தூக்குறே?"

ஹாஜிரா பீயின் கை காற்றில் நின்றது. அன்று சாயங்காலம் ஷாகிரா குழந்தையோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். குழந்தைக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கற்பூரவல்லிச் சாறு பிழிந்து தேனில் குழைத்து வைத்துவிட்டுத்தான் அவள் புறப்பட்டு வந்திருந்தாள்.

தூக்கை அஃப்சரின் பக்கமாகத் தள்ளி வைத்தாள். பிறகு எழுந்து போய், வாசற்படிக்குப் பக்கத்தில், வெளிக்காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அஃப்சர் தூக்கைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள்.

"மிளகு தூக்கலா கீதும்மா" என்றாள்.