வெனெதா ஊருக்குப் போகவில்லை

பேருந்து வியன்னாவின் எல்லையைத் தாண்டுவதற்குள் வெனெதாவின் கைப்பேசி அடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்றால் அது அடிக்கும். மற்ற நாட்களில் அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்க சொந்த ஊரான ப்ளேவெனில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் போதும், அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது.

“எங்க இருக்க?” கணவன் கிரில்தான்.

“பஸ்ல.”

“அப்பாடா. நாளைக்கு வந்து சேந்துருவ, இல்ல?”

“நான் அங்க வரல கிரில். வேற ஊருக்குப் போறேன். ஞாயித்துக்கிழம ராத்திரி வியன்னா திரும்பிருவேன்.”

பின்னால் அவனுடைய வண்டிப் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஞாயித்துக்கிழம சம்பந்தி வீட்ல எல்லாரும் சாப்பிட வராங்கன்னு சொன்னேன்ல?”

“வரட்டும். சமைச்சுப் போடு.”

“நானா?”

“கை இருக்குல்ல உனக்கு?”

அவன் கத்தவில்லை. டயருக்கு விலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான். “இந்தத் தடவ வரலேன்னா, அப்புறம் நீ வரவே வேண்டாம்.” இணைப்பு அறுந்தது. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், மனம் ஆறியிருக்கும். அந்த நிதானம்தான் நெஞ்சில் போய்க் குத்தியது.

இரண்டு முறை ஏமாந்திருக்கிறாள். அக்டோபரில் வியன்னாவில் வகுப்பு தொடங்கிய முதல் வாரமே, கிரிலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை என்று மகள் கலினா அழுதாள். வெனெதா இரவும் பகலுமாகப் பேருந்தில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது கிரில் நிமிர்ந்துதான் நின்றிருந்தான். முற்றத்தில் மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய். சுட்டு, தோலுரித்து, அரைத்து, குளிர்காலத்துக்குப் புட்டிகளில் அடைக்க ஆளில்லை. அந்த வார இறுதி முழுவதும் அடுப்பின் முன்னால் நின்று, விரல் நுனியெல்லாம் எரிய, திங்கட்கிழமை வகுப்பைத் தவறவிட்டாள். அடுத்த முறை பேரனுக்குக் காய்ச்சல் என்றார்கள். போனால், குழந்தை கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தான். கலினாவும் மருமகனும் நண்பர் கல்யாணத்துக்குப் போக உடுத்தி நின்றார்கள். “கோவிச்சுக்காதம்மா. வேற யாரக் கூப்பிடுறது?” என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள் மகள்.

வெனெதாவுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பதில் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்க இடம் கிடைத்தது. அதே மாதம் கலினா வயிற்றில் இருப்பதும் தெரிந்தது. அப்புறம் ரொட்டிக் கடையில் வேலை, வீடு, மாமியாருக்குப் பணிவிடை என்று காலம் ஓடியது. மாமியார் போய்ச் சேர்ந்த வருஷம், யாரிடமும் கேட்காமல் மறுபடி விண்ணப்பித்தாள். பேராசிரியர் ஒருநாள் வகுப்பில், வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது பிள்ளைகளோடு பிள்ளையாகக் கையைத் தூக்கினாள். தன் கை மேலே இருப்பதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் இறக்கவில்லை.

வியன்னா விடுதியில் அவள் இருந்த மாடியில் மற்ற ஆறு பேரும் இருபது, இருபத்தொன்று. போர்ச்சுகல்லிலிருந்து தொமே, ஸ்பெயினிலிருந்து நெரேயா, இன்னும் நான்கு பேர். வெள்ளிக்கிழமை ஒரு பையோடு கிளம்பி ஏதாவது ஓர் ஊரைச் சுற்றிவிட்டு ஞாயிறு இரவு திரும்புவது அவர்கள் வழக்கம். அவளையும் கூப்பிட்டார்கள். முதலில் ப்ராத்திஸ்லாவா, பிறகு ப்ராக். புவியியல் புத்தகத்தில் எழுத்தாக மட்டும் இருந்த ஊர்களில் தன் செருப்புச் சத்தம் கேட்பது அவளுக்குப் போதையாக இருந்தது. ஆனால் அவள் கவனிக்காமலே ஒன்று நடந்துகொண்டிருந்தது. யாருக்கோ குதிகால் உரிந்தபோது அவள் பையில் பிளாஸ்திரி இருந்தது. அடுத்த பயணத்தில் அவளே எல்லோருக்கும் முட்டை அவித்துக்கொண்டு வந்தாள். தொலைத்துவிடுவோம் என்று அடையாள அட்டைகளை அவளிடம் கொடுத்து வைத்தார்கள். ப்ராகில் தொமே குடித்துவிட்டு நடைபாதையில் வாந்தி எடுத்தபோது நெற்றியைத் தாங்கிப் பிடித்தது அவள்தான். மறுநாளிலிருந்து அவன் அவளை ‘மம்மா’ என்று கூப்பிடத் தொடங்கினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இந்த வெள்ளிக்கிழமை எல்லோருமாகப் புடாபெஸ்டில் இறங்கியபோது மாலை இருட்டிக்கொண்டிருந்தது. எட்டுப் படுக்கை போட்ட பொது அறை ஒன்றை நெரேயா ஏற்பாடு செய்திருந்தாள். வரவேற்பு மேசையில் மூக்கு வளையம் போட்ட ஒரு பெண். அடையாள அட்டைகளை வெனெதா பையிலிருந்து எடுத்து அடுக்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசி அட்டையில் நின்றாள்.

“மன்னிக்கணும் மேடம். பொது அறையில நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குப் படுக்கை குடுக்குறதில்ல. இங்க விதி அப்படி.”

“நான் மாணவி,” என்று வெனெதா பல்கலைக்கழக அட்டையை எடுத்து நீட்டினாள்.

அந்தப் பெண் உண்மையிலேயே சங்கடப்பட்டாள். “தெரியுது மேடம். ஆனா வயசுதான் கணக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிறவளாகச் சொன்னாள். “இந்தப் பசங்களோட பொறுப்பாளரா வந்திருந்தீங்கன்னா பரவாயில்ல. ஆசிரியர், அம்மா, அந்த மாதிரி. இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“அட, அதேதான்!” என்று தொமே பாய்ந்து வந்து வெனெதாவின் தோளில் கை போட்டான். “இவங்கதான் எங்க அம்மா. எங்க ஆறு பேருக்கும்! இவங்க இல்லேன்னா நாங்க வழியிலயே தொலைஞ்சிருப்போம்.”

பின்னால் ஒரே சிரிப்பு. மேசைப் பெண்ணும் சிரித்தபடி பேனாவை நீட்டினாள். வெனெதா அதை வாங்கினாள். பொறுப்பாளர் என்று போட்டிருந்த இடத்தின் மேல் முனையைக் கொண்டுபோய் வைத்தும்விட்டாள். அந்த நொடியில், மிளகாய் சுட்ட அந்த வார இறுதியின் எரிச்சல் விரல் நுனியில் அப்படியே திரும்பி வந்ததுபோல இருந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

“போட மாட்டேன்.”

“சும்மா ஒரு கையெழுத்து வெனெதா,” என்றான் தொமே. “யாரு பாக்கப் போறா? அதுல என்ன கொறஞ்சு போச்சு?”

“கொறஞ்சுதான் போகும். ஒரு பொண்ணப் பெத்து, வளத்து, கட்டிக் குடுத்தும் முடிச்சாச்சு. உங்கள நான் பெறல தொமே. உன்ன மாதிரி நானும் இங்க படிக்க வந்தவ.”

“ஐயோ, உனக்குப் படுக்கை கிடைக்கட்டும்னுதான சொன்னேன்!”

“தெரியும்.”

அவள் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். பிளாஸ்திரிச் சுருளை எடுத்து வைத்தாள். தொண்டை மாத்திரை, ஈரத் துணிப் பொட்டலம், திரும்பிப் போகும் பயணச்சீட்டுகள். கடைசியாக, செய்தித்தாளில் சுற்றிய அவித்த முட்டைகள். ஒன்று உருண்டு ஓடி மேசைப் பெண்ணின் கணினியில் முட்டி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டபோது, அது இவ்வளவு இலேசானதா என்று இருந்தது. “அவங்கவங்க அட்டைய அவங்கவங்க வச்சுக்குங்க,” என்று சொல்லிவிட்டுத் தன் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நெரேயா வாசல்வரை ஓடி வந்தாள். “நில்லு வெனெதா. நானும் உன்கூட வரேன்.”

“வேண்டாம். நீ காசு கட்டியிருக்க, போய்ப் படு.”

“எங்க தங்குவ?”

“எங்கயாவது. ஊருக்குள்ளதான இருக்கேன்?”

தைரியமாகத்தான் சொன்னாள். தெருமுனை திரும்பியதும் நின்றுவிட்டாள். தன்னந்தனியாக எந்த ஊரிலும் அவள் இரவு தங்கியதே இல்லை. அப்பா வீடு, புருஷன் வீடு, பிள்ளைகள் நிறைந்த விடுதி. ஒரு செருப்புக் கடையின் மாடியில் ‘அறைகள்’ என்று விளக்குப் பலகை தெரிந்தது. படியேறினாள். சாவியை எடுத்த கிழவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “தனியாவா?” என்று கேட்டார். “தனியாத்தான்,” என்றாள், கேட்டவர் காது கேளாதவர் என்பதுபோல, தேவைக்கு மேல் சத்தமாக.

அறையில் கட்டில் அகலமாக இருந்தது. ஓரத்தில் படுத்துப் பழகிய உடம்பு ஓரத்துக்கே போனது. ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு செய்திருக்க வேண்டுமா என்று நினைத்தாள். அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கலினாவும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடுவதில்லை. கிரில்கூட இல்லை. யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் வம்பு. கெட்ட எண்ணம் இருந்தால் எப்போதோ சண்டை போட்டு முடித்திருக்கலாம். கொஞ்சம் அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது. கீழே போய் மாட்டிறைச்சிச் சூப்பும் ரொட்டியும் வாங்கி, எதிரே காலி நாற்காலியை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டாள். பிறகு வந்து கட்டிலின் நட்டநடுவில் படுத்தாள்.

காலையில் செருப்புக் கடை வாசலில் தொமேயும் நெரேயாவும் காகிதக் கோப்பைகளோடு நின்றிருந்தார்கள். இடத்தைக் கேட்டு நெரேயா இரவே செய்தி அனுப்பியிருந்தாள். தொமே ஒரு கோப்பையை நீட்டினான். தூங்காத கண்கள்.

“இனிமே மம்மான்னு கூப்பிட மாட்டேன்,” என்றான்.

“நல்லது.”

“நேத்து நீ போனப்புறம் எல்லாரும் என்னத் திட்டித் தீத்துட்டாங்க. அப்புறம் அந்த முட்டைய உரிச்சுத் தின்னுட்டாங்க.”

வெனெதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்காமல் சிரித்தாள். மூவரும் நடைபாதையில் நின்று காப்பியைக் குடித்தார்கள். கோப்பை காலியானதும் தொமே பழக்க தோஷத்தில் கேட்டான். “சரி, இப்ப எங்க போறோம்?”

“நீங்க எங்க போறீங்கன்னு எனக்கென்னப்பா தெரியும்? நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற குன்றுல ஏறப் போறேன்.”

“நாங்க வெந்நீர்க் குளத்துக்கு,” என்றாள் நெரேயா, பாதிக் கேள்வியாக. ‘நீயும் வா’ என்று வாய்வரை வந்தது அவள் முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை. “சாயங்காலம் பாக்கலாமா?”

“பாக்கலாம். எனக்கும் சேத்து ஒரு நாற்காலி போடுங்க. ரொட்டி நீங்க வாங்குங்க.”

டான்யூப் ஆற்றின் மேல் வெள்ளைப் பாலம் நீண்டு கிடந்தது. காற்று மேல்சட்டையைப் பிடித்து இழுத்தது. பாலம் முடியும் இடத்தில் செயற்கை அருவி ஒன்று பாறையில் வழிய, அதன் பக்கத்தில் குன்றுக்குப் படிகள் தொடங்கின. முதல் வளைவில் மூச்சு வாங்க நின்றபோது கைப்பேசி அடித்தது. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. கிரில் அப்படி அழைப்பதே இல்லை. எடுத்தாள். திரையில் அவனுடைய நெற்றியும் சமையலறை விளக்கும் தெரிந்தன. அவனுக்குப் பின்னால் ஏதோ கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

“நேத்து நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சு.”

“என்ன முடிவு பண்ணிருக்க?”

“படிப்பு முடிஞ்சதும் வருவேன். அதுக்குள்ள நீ பூட்ட மாத்தினா மாத்திக்கோ. என் குளிர்காலக் கோட்ட மட்டும் கலினாகிட்ட குடுத்துரு.”

கிரில் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். “எந்த ஊர்ல இருக்க? யார் கூட?”

அவள் கைப்பேசியைத் திருப்பி வெளியே காட்டினாள். கீழே ஆறு, வெயில் பட்டுக் கண் கூசும் அக்கரைக் கூரைகள், பாலத்தில் ஊரும் பேருந்துகள்.

“யாரையும் காணோமே,” என்றான் கிரில்.

“யாரும் இல்ல. நான்தான்.”

“உன் மூஞ்சியக் காட்டு.”

அவள் திருப்பவில்லை. அதே கையோடு அடுத்த படியில் ஏறினாள், அதற்கடுத்ததில். இணைப்பு அறுந்துவிடும் என்று நினைத்தாள். அறவில்லை. ப்ளேவெனில் பாத்திரத்தின் மூடி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரும் போய் அதை இறக்கிவைக்கவில்லை.

“அந்தப் பாலத்த முழுசும் கம்பியிலயா தொங்கவிட்டிருக்கான்?” வெகுநேரம் கழித்து அவன் குரல் வந்தது. பட்டறையில் புது வண்டி வந்து நின்றால் வரும் குரல்.

“ஆமா.”

“கொஞ்சம் கீழ காட்டு. தூணு நிக்கிற எடத்த.”

அவள் காட்டினாள். பிறகு மறுபடி மேலே திருப்பி, தன் முகத்தைக் காட்டாமலே, கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள். இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே படிகள் வளைந்து போயின. நகரம் ஒவ்வொரு திருப்பத்திலும் இன்னும் கொஞ்சம் அகலமாக விரிந்தது. அவளுக்கு மூச்சு இரைத்தது. கைப்பேசியிலிருந்தும் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே கூட வந்தது.