மானியத் தகட்டில் மிளகாய்

அரசு மானியத்தில் போட்ட சோலார் தகட்டில் ஏன் கரண்ட் குறைகிறதென்று பார்த்து அறிக்கை எழுத ஓக்புன் அக்கா வீட்டுக்குப் போனேன். தகடு முழுக்க வலை விரித்து, சிவப்பு மிளகாயைக் காயப்போட்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"அக்கா, இது ஜனங்களோட வரிப்பணம்! வெளிநாட்டு எண்ணெயை நம்பி நாடு எத்தனை நாளைக்கு ஓடும்? அதுக்குத்தான் இந்த மானியமே!"

"கத்தாதப்பா. உன் வீட்டுக் கிம்ச்சி ஊறுகாய்க்கு எந்த ஊரு மிளகாய்?"

"கடையில வாங்குறதுதான்... சீனா மிளகாய்."

"அதை நம்பி வீடு மட்டும் ஓடலாமாக்கும்?"

அவள் முணுமுணுத்துக்கொண்டே பாதி வலையைச் சுருட்டினாள்.

"இந்தா, பாதி வெயில் கவர்மெண்டுக்கு. போதுமா?"

அறிக்கையில் கரண்ட் குறைந்ததற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகமில்லை.

'மேகமூட்டம்' என்று எழுதினேன்.