மைக்குக்கு முன்னால் மருமகன்

மைக் என்றாலே றூபன் ஓடி ஒளிவான். கரோலினுக்கு அது தெரியாதா? கலியாணம் கட்டிய மனைவிக்குத் தெரியாமல் போகுமா! தெரிந்துகொண்டேதான் காருக்குள் வைத்துக் கட்டளை போட்டாள்.

"அப்பாவின்ரை எழுபதாவது பிறந்தநாள். இண்டைக்கும் வாய் திறக்காட்டி, மருமகன் தலைக்கனம் பிடிச்சவர் எண்டுதான் சனம் கதைக்கும். எனக்காக ஒருக்காக் கதையுங்கோ."

மோர்னிங்சைட் பகுதியில் மண்டபம் நிறைந்த கூட்டம். றூபனுக்கும் வாசலுக்கும் நடுவில் வீடியோக்காரரின் வயர்கள், அன்ரிமாரின் நாற்காலிகள். தப்பியோட வழியே இல்லை. அழைப்பிதழில் ஆறு மணி. நம்முடைய ஆட்கள் எட்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பேச்சு முடிந்துதான் கேக் வெட்டு, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அறிவிப்பாளர் றெமிஜியஸோ மைக்கை லேசில் விடுகிற ஆளில்லை.

எல்லாரும் பேசுகிறவர்களைப் பார்த்தார்கள். யாருடைய கண்ணையும் சந்திக்கப் பயந்த றூபன், மேடைச் சோபாவில் இருந்த மாமனார் அமிர்தநாதரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவருடைய நெற்றி வியர்த்தது. கை நடுங்கியது. கைகொடுக்க வந்த சொந்தத் தம்பியை யாரோ அந்நியரைப் போலப் பார்த்தார்.

மனுசன் சீனி வருத்தக்காரர். அழைப்பிதழ் நேரத்தை நம்பி, வீட்டிலிருந்து வெளிக்கிட முதலே இன்சுலின் குத்தியதை றூபன் கண்டிருந்தான். இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

"இப்ப மருமகன் றூபன் பேசுவார்!" றெமிஜியஸ் மைக்கைக் கையில் திணித்தார்.

றூபன் அதை நிலத்தில் வைத்தான். மேடையில் ஏறி, அங்கிருந்த மூன்றடுக்குக் கேக்கைக் கையாலேயே பிய்த்து மாமனாருக்கு ஊட்டினான்.

"ஐயோ, கேக்! உவனுக்கென்ன விசரா?" அன்ரிமார் கத்தினார்கள். கரோலினுக்கு வெட்கத்தில் உயிரே போனது. மேடைக்கு ஓடிவந்தாள்.

"மாமாவுக்குச் சீனி இறங்கிட்டுது. குடிக்க யூஸ் கொண்டு வாரும்," என்றான். அவளுக்கு மட்டும்தான் கேட்டது. ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் அமிர்தநாதரின் கண் தெளிந்தது. உடனே றெமிஜியஸ் மைக்கோடு வந்துவிட்டார். "அருமை! இப்ப மருமகன் ரெண்டு வார்த்தை..."

ஐயோ, விடமாட்டார்களா! றூபனுக்கு அழுகை வந்தது. எழும்பப் போனவனை மாமனார் கையைப் பிடித்து இருத்தினார்.

"இவ்வளவு நேரமும் எல்லாரும் என்னைப் பற்றித்தான் கதைச்சவை. ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம், தம்பி. பக்கத்தில இரும்."

றெமிஜியஸ் நீட்டியபடி நின்ற மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது.